பெரியவங்க இருக்கற வீட்டுக்கு அரவை பம்ப் டாய்லெட்: டைல்ஸ் உடைக்காம கழட்டி மாட்டற மாதிரி குழாய் போடறது எப்படிங்க?

வாசல்வீடு:

காங்கேயம் பக்கம் பழைய ஓட்டு வீடுங்க. அப்புச்சியும் அம்முச்சியும் (தாத்தா, பாட்டி) ரெண்டு பேர் மட்டும் இருக்காங்க. இருக்கற கக்கூஸ் புறக்கடைல, நாலு படி ஏறிப் போகணும். ராத்திரில அது ஆகாதுங்க. அதனால முன்பக்க அறையை ஒட்டி ஒரு பாத்ரூம் எடுக்கறதா முடிவு.

அளவெல்லாம் சொல்லிடறேன். செப்டிக் டேங்க் புறக்கடைல இருக்குது, அங்க தரை வீட்டுத் தரையை விட ரெண்டடி மேடு. டேங்க்குக்குள்ள குழாய் நுழையற எடம் வீட்டுத் தரையிலிருந்து ஓரடி ஒசரத்துல வருது. புது பாத்ரூம்ல இருந்து அதுக்கு 18 மீட்டர். முன்பக்கம் நேர்மாறா பள்ளம்: தெக்குச் சந்துல மண்தரை வீட்டுத் தரையை விட ரெண்டடி கீழ. ஓட்டு எரவாணம் வீட்டுத் தரையிலிருந்து ஏழடி. தண்ணி எல்லாம் போர் தண்ணிதான், உப்பு. போர் முன்பக்கம் 8 மீட்டர்ல இருக்குது.

ஓட்டத்துல போகாதுன்னு தெரியுது, மலத்தை அரைச்சுத் தள்ளற பம்ப் வைக்கணும். எந்த மெஷினுங்கறதை விட, அது மக்கர் பண்ணினா வர்ற ஆளு சுலபமா கழட்டி மாட்டற மாதிரி குழாயை எப்படிப் போடறதுன்னு சொல்லுங்க. சர்வீஸ் ஆளு திருப்பூர்ல இருந்தோ கோயமுத்தூர்ல இருந்தோதான் வரணும். ரெண்டு பேரும் குனிய முடியாதவங்க.

மேட்டாங்காடு:

மெஷினுக்குப் போவதற்கு முன்னால், மெஷினே இல்லாமல் முடியுமா என்று பார்த்துவிடுவது நல்லது. முன்பக்கம் பள்ளம் என்பதால் அங்கேயே ஒரு சின்ன டேங்க் கட்டினால் ஓட்டத்திலேயே போய்விடும். ஆனால் டேங்க் தண்ணீர் ஊறுகிற குழி, குடிதண்ணீர்க் கிணறு அல்லது போரிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470. உங்கள் போர் 8 மீட்டரில் இருக்கிறது. அந்தப் பக்கமெல்லாம் நாலடி தோண்டினால் சுக்கான் பாறை. அதில் தண்ணீர் ஊறாது, வெடிப்பு இருந்தால் நேராகப் போருக்கு இறங்கும். ஆகவே முன்பக்கம் டேங்க் வேண்டாம்.

இரண்டாவது வழி, சந்தில் ஒரு சம்ப் கட்டி அதற்குள் கட்டர் வைத்த நீர்மூழ்கிப் பம்ப். 500 லிட்டர் பிடிக்கிற சம்ப் என்றால் கரண்ட் ஒரு நாள் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. மூன்று நான்கு கக்கூஸ் இருக்கிற வீட்டுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரே ஒரு கக்கூஸுக்கு, இரண்டு பேருக்கு, அது அதிகம். மலத்தண்ணீர் சம்ப்பில் மணிக்கணக்காக நிற்கும், நாற்றம் சந்து முழுக்க வரும், பம்ப்பைத் தூக்கிக் கழுவுகிற வேலை மெஷினைக் கழட்டுவதை விட மோசமானது. உங்கள் வீட்டுக்கு அரவை மெஷின்தான் சரி.

ஒன்றே ஒன்று: புறக்கடைக் கக்கூஸை இடிக்காதீர்கள். கரண்ட் வேண்டாத கக்கூஸ் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கவேண்டும். அந்த நாலு படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள்.

நொய்யல்_குழாய்:

அம்மிணி, அளவு எல்லாம் தெளிவாக் குடுத்திருக்கீங்க, அதனால நேரா வேலைக்கு வந்துடலாம்.

முன்பக்கச் சந்து ரெண்டடி பள்ளம்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் உங்களுக்கு வரம். மெஷினைப் பாத்ரூமுக்குள்ள கக்கூஸ் கோப்பைக்கு, அதான் பேனுக்கு, பின்னாடி வைக்காதீங்க. சுவத்துக்கு வெளியே, சந்துல, மேடை கட்டி வைங்க. பேன் வாய்க்குச் சமமாத்தான் மெஷின் உக்காரணும். உள்ள அது தரை மட்டம், ரிப்பேர்க்காரர் படுத்துத்தான் வேலை பாக்கணும். வெளியே நிக்கறவருக்கு அதே மட்டம் தரையிலிருந்து ரெண்டடி ஒசரம், முட்டிக்குக் கொஞ்சம் மேல. ஸ்டூல் போட்டு உக்காந்து கழட்டலாம். அறைக்குள்ள ஆளு வரவேண்டியதில்ல, அப்புச்சி தூங்கிட்டிருந்தா எழுப்பவேண்டியதில்ல, ராத்திரி சத்தமும் பாதியாக் கொறையும்.

இதுக்கு மூணு விஷயம் ஒத்து வரணும்.

முதல்ல பேன். நம்மூர்ல கடைல கேட்டா பாதிப்பேர் எஸ் ட்ராப் பேனை எடுத்துக் குடுப்பாங்க, அதோட வாய் தரைக்குள்ள எறங்கும். அரவை மெஷினுக்கு அது ஆகாது. பி ட்ராப், பின்னாடி நேரா வாய் இருக்கறது, தரையிலிருந்து வாயோட நடு 180 மி.மீ. சுவத்துல தொங்கற பேனு அழகா இருக்கும், ஆனா அதோட டேங்கை சுவத்துக்குள்ள புதைக்கணும், அது கெட்டா மறுபடி சுவத்தை நோண்டணும். தரைல நிக்கற பேன், வெளியே தெரியற சிஸ்டர்ன் (ஃப்ளஷ் டேங்க்) போதும். பேனுக்கு அடியில மட்டும் ரெண்டு இஞ்ச் மேடை குடுங்க. கால் வைக்கற எடம் தரையாவே இருக்கும், உக்கார்ற ஒசரம் 450 மி.மீ.க்கு மேல வந்துடும், முட்டி வலிக்கறவங்களுக்கு எந்திரிக்கச் சுலபம். வாயும் 230 மி.மீ.க்கு ஏறிடும், வாட்டம் தாராளமாக் கெடைக்கும்.

ரெண்டாவது சுவர். அந்தப் பக்கச் சுவரை நாலரை இஞ்ச்ல எடுக்கச் சொல்லுங்க. ஒன்பது இஞ்ச் போட்டா பேனுக்கும் மெஷினுக்கும் நடுவுல தூரம் தேவையில்லாம கூடும். சுவத்துக்குப் பின்னாடி மெஷின் வைக்கறதுக்குன்னே நீட்டிப்புக் குழாய் குடுக்கற மாடல்கள் இருக்கு, எவ்வளவு நீளம் வரைக்கும்னு அதோட கையேட்டுல போட்டிருக்கும், அதைத் தாண்டக்கூடாது. சுவத்துல ஓட்டை ஆறு இஞ்ச் வைங்க, பேனையும் மெஷினையும் சேக்கற 110 மி.மீ. குழாயை சிமெண்ட் வெச்சு அடைக்காதீங்க. சுத்தியும் பஞ்சு மாதிரி ஃபோம் வெச்சு, உள்பக்கம் சிலிக்கான் இழுத்தாப் போதும். சிமெண்ட் போட்டா மெஷின் அதிர்வுல பேன் வாய் ஒரு நாள் விரிசல் விடும்.

மூணாவது மேடை. மெஷின் வாயோட நடு, பேன் வாயை விட 10, 15 மி.மீ. கீழ வர்ற மாதிரி மேடை மட்டத்தை மெஷின் கைல வந்ததுக்கு அப்பறம் கட்டுங்க. படத்தைப் பாத்துக் கட்டினா கண்டிப்பா அரை இஞ்ச் மாறும்.

வாசல்வீடு:

வெளியே வெச்சா மழை, வெய்யில், எலி எல்லாம் பாக்கணுமில்லீங்களாண்ணா?

நொய்யல்_குழாய்:

ஆமாங்கம்மிணி. இந்த மெஷினுங்க பாத்ரூம்ல தெறிக்கற தண்ணிக்குத் தாங்கும், மழைல நனையத் தாங்காது. மேடை மேல மூணு பக்கமும் சுவர் மாதிரி எழுப்பி, மேல கடப்பாக்கல் சாய்வா, முன்னாடி முழு அகலத்துக்கும் அலுமினியக் கதவு. கதவு ஒரு பக்கம் கீல் வெச்சுத் தெறக்கறதை விட, தூக்கி எடுத்து ஓரமா வைக்கற மாதிரி இருந்தா சந்துல வேலை பாக்க எடம் கெடைக்கும். கதவுல கீழயும் மேலயும் காத்துப் போக துவாரம், உள்பக்கம் எலி வலை. வலை இல்லேன்னா வயரைக் கடிச்சுடும். மெஷினைச் சுத்தி ரெண்டு பக்கமும் கை நுழைய அரையடி, முன்னாடி முழுசா காலி. மேடைல முன்பக்கமா லேசா வாட்டமும் ஒரு முக்கால் இஞ்ச் ஓட்டையும் விடுங்க. ஒழுகினா சந்துல தெரியும், அம்முச்சியே பாத்து ஃபோன் பண்ணிச் சொல்லிடுவாங்க.

இப்ப தள்ற குழாய். கீழிருந்து மேல என்ன வரிசைல வரணுங்கறதுதான் நீங்க கேட்டதுக்கு உண்மையான பதில்.

மெஷின் வாயில ரப்பர் ஹோஸ், ரெண்டு எஸ்.எஸ். கிளாம்ப். அதுக்கு மேல யூனியன் (மரையைச் சுத்திக் கழட்டற இணைப்பு). அதுக்கு மேல என்.ஆர்.வி. (தண்ணி திரும்ப எறங்காம தடுக்கற வால்வு). அதுக்கு மேல இன்னொரு யூனியன். அப்பறம் முழு வாய் பால் வால்வு. வால்வுக்கு மேல ஒரு டீ (மூணு வாய் இணைப்பு), டீயோட பக்கவாயில முக்கால் இஞ்ச் வால்வு, அதோட மூக்கு கீழ பாத்த மாதிரி, ஒரு பக்கெட் வைக்க எடத்தோட. அதுக்கு மேலதான் எரவாணம் வரைக்கும் நேர்குழாய்.

ஏன் இந்த வரிசைன்னா, பால் வால்வை மூடிட்டா மேல நிக்கற அழுக்குத் தண்ணி அப்படியே நின்னுக்கும். கீழ யூனியனைக் கழட்டினா மெஷின் வெளிய வந்துடும். மெஷின்ல கோளாறு இல்ல, என்.ஆர்.வி.லதான்னா, ரெண்டு யூனியனையும் கழட்டி அதை மட்டும் எடுத்துக் கழுவி மாட்டலாம். நேர்குழாயிலயே வேலைன்னா முக்கால் இஞ்ச் வால்வைத் தெறந்து பக்கெட்ல எறக்கிடலாம். ஒண்ணேகால் இஞ்ச் குழாயில ஒரு மீட்டருக்குச் சுமார் ஒரு லிட்டர் நிக்கும். உங்களுக்கு நேர்குழாய் ரெண்டு மீட்டர், ஆகவே ஒரு பக்கெட்டுக்குள்ள அடங்கிடும். இந்த ஏற்பாடு இல்லாமத்தான் பல வீட்டுல ஹோஸைக் கழட்டின நிமிஷம் அத்தனையும் ரிப்பேர்க்காரர் மேல கொட்டுது. அடுத்த தடவை கூப்பிட்டா அவர் வரமாட்டார்.

என்.ஆர்.வி. வாங்கும்போது கவனமுங்க. உள்ள ஸ்பிரிங் இருக்கற பித்தளை வால்வு நல்லதண்ணிக்கு. இதுல போட்டா முடியும் நாரும் ஸ்பிரிங்ல சுத்திக்கும். மடல் மாதிரி தெறக்கறது இல்லேன்னா உள்ள ரப்பர் உருண்டை ஓடறது போடுங்க. மெஷினுக்குள்ளயே ஒண்ணு இருந்தாலும் வெளியே இது இருக்கட்டும்.

கொடிவேரிக்கரை:

பேனுக்கும் மெஷினுக்கும் நடுவே 110 மி.மீ. கேட் வால்வு ஒன்று போட்டால் இன்னும் பாதுகாப்பு அல்லவா? மெஷினை வெளியே எடுக்கும்போது பேன் தண்ணீர் வந்துவிடாதா?

நொய்யல்_குழாய்:

வேண்டியதில்லீங்க. பேனோட ட்ராப்ல நிக்கற தண்ணி அங்கயேதான் நிக்கும், அதுவே பூட்டு மாதிரி. சிஸ்டர்னுக்கு வர்ற ஆங்கிள் காக்கை மூடிட்டு, யாரும் ஃப்ளஷ் பண்ணாம இருந்தாப் போதும். கேட் வால்வுல அடில பள்ளம் இருக்கும், மலம் அங்க தங்கிக் காய்ஞ்சு கல்லாயிடும். அப்பறம் மூடவும் மூடாது. இணைப்புக்கு ரப்பர் காலர், ரெண்டு கிளாம்ப். அதுவே கழட்டற எடம்.

கழட்டற முறையையும் சொல்லிடறேன். முதல்ல வெறுந்தண்ணி மூணு தடவை ஃப்ளஷ் பண்ணணும், மெஷின் ஒவ்வொரு தடவையும் ஓடி நிக்கட்டும். மெஷின் நின்னதுக்கு அப்பறமும் அடில கொஞ்சம் தண்ணி இருக்கும். மூணு ஃப்ளஷுக்குப் பின்னாடி அது கிட்டத்தட்ட நல்ல தண்ணி. அப்பறம் பிளக்கை உருவணும், ஸ்விட்சை மட்டும் ஆஃப் பண்றது போதாது. ஆங்கிள் காக், பால் வால்வு மூடு. யூனியன், காலர். தூக்கி எடு. அவ்வளவுதான். இதே வரிசையைத் தமிழ்ல எழுதி லேமினேட் பண்ணிக் கதவு உள்பக்கம் ஒட்டிடுங்க.

மேட்டாங்காடு:

அண்ணா சொன்னதற்கு மேல், 18 மீட்டர் ஓட்டத்தைப் பற்றி. ஏறவேண்டியதை முதலிலேயே நேராக ஏற்றிவிட வேண்டும்; பிறகு டேங்க் வரை இறக்கம்தான். கொஞ்சம் படுக்கையாகப் போய் மறுபடி ஏறுவது கூடவே கூடாது, அந்தப் பள்ளத்தில் அரைத்த சகதி தங்கி இறுகிவிடும். எரவாணத்துக்குக் கீழே 2.1 மீட்டரில் படுக்கை ஆரம்பித்தால், மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டத்தில் கடைசியில் 1.92 மீட்டர். அங்கிருந்து புறக்கடைத் தரைக்கு இறக்கம். தாராளமாக இருக்கிறது, வாட்டத்தை 1.5 செ.மீ. கூட வைக்கலாம்.

90 டிகிரி எல்போ ஒன்றுகூட வேண்டாம். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு 45 டிகிரி பெண்ட், நடுவே ஒரு ஜாண் குழாய். மேலே ஏறி முடிகிற இடத்திலும், பின்னால் இறங்குகிற இடத்திலும் பெண்ட்டுக்குப் பதில் டீ வைத்து, மரை மூடி போடுங்கள். அடைத்தால் அங்கிருந்து அடைப்பு எடுக்கிற ஸ்பிரிங் கம்பி விடலாம். மூடிக்கு டெஃப்லான் டேப் மட்டும், சொல்யூஷன் (குழாய்ப் பசை) போட்டு ஒட்டிவிடப் போகிறார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய், எஸ்.டபிள்யூ.ஆர். (சாதாரணக் கழிவுநீர்க் குழாய்) மெல்லிசு வேண்டாம். அழுத்தம் தாங்குகிற யூ.பி.வி.சி., ஷெட்யூல் 40, ஒண்ணேகால் இஞ்ச். முழு நீளத்துக்கு 6 மீட்டர் குழாய் நாலு, 45 பெண்ட் எட்டு (இரண்டு மிச்சம் இருக்கட்டும்), மூடி போட்ட டீ இரண்டு, கிளாம்ப் இருபத்தைந்து. கிளாம்ப் 90 செ.மீ.க்கு ஒன்று, தள்ளி அடித்தால் வெயிலில் குழாய் தொய்ந்து, வாட்டம் போய், வயிறு விழுந்த இடத்தில் அடைப்பு வரும்.

தென்சந்து என்கிறீர்கள், வெயில் நேராக விழும். யூ.பி.வி.சி. வெயிலில் வருடக்கணக்கில் நின்றால் மொறுமொறுவென்று ஆகிவிடும். வெள்ளை பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். நீளவும் செய்யும்: 18 மீட்டர் குழாய், விடியற்காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால், 3 செ.மீ.க்கு மேல் கூடிக் குறையும். நடுவில் ஒரே ஒரு கிளாம்ப்பை இறுக்கி, மற்றதெல்லாம் குழாய் நழுவுகிற மாதிரி விடவேண்டும். எல்லாவற்றையும் இறுக்கினால் பெண்ட் ஒட்டிய இடத்தில் பிளக்கும்.

வாசல்வீடு:

டேங்க்ல ஏதாவது மாத்தணுமாங்க? அப்பறம் காத்துக்குழாய் (ஏர் வால்வு) போடணும்னு சிலர் சொல்றாங்களே.

மேட்டாங்காடு:

டேங்க்குக்கு 2 மீட்டர் முன்னால் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சேம்பர் கட்டி, ஒண்ணேகால் குழாயை அதில் விடுங்கள். அங்கிருந்து 110 மி.மீ. குழாயில் மெதுவாக டேங்க்குக்குள் போகட்டும். பம்ப் வேகத்தோடு நேராக டேங்க்குக்குள் பீய்ச்சினால் மேலே மிதக்கிற ஏடும் அடியில் படிந்த கசடும் கலங்கும். டேங்க்குக்குள் நுழைகிற வாயில் டீ இருக்கிறதா, அதன் கீழ்க்கால் தண்ணீருக்குள் முங்கி இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அரைத்த மலம் முழுசாக வருவதைப் போலச் சீக்கிரம் அடியில் படியாது, அதனால் டேங்க் நடுவில் தடுப்புச் சுவர் இருப்பது முக்கியம். ஒரே அறை டேங்க் என்றால் ஊறல் குழி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கசடு எடுப்பதை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள். லாரி வைத்து உறிஞ்சுவது மட்டும்தான். ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் வருடச் சட்டப்படி குற்றம், உள்ளே இருக்கிற வாயு உயிரை எடுக்கும். தமிழ்நாடு அரசின் 14420 எண்ணில் கூப்பிட்டால் உரிமம் உள்ள லாரியைச் சொல்வார்கள்.

நொய்யல்_குழாய்:

ஏர் வால்வு உங்களுக்கு அவசியமில்லீங்க. தள்ற குழாய் முடியற எடம் மெஷினை விடக் கீழ இருந்தாத்தான் சைஃபன் பிடிச்சு மெஷினையும் ட்ராப்பையும் உறிஞ்சும். உங்க டேங்க் வாய் மெஷினை விட மேல. இதைப் படிக்கற வேற யாருக்காவது டேங்க் கீழ இருந்தா, உச்சில ஏர் வால்வு கட்டாயம். ஃப்ளஷ் பண்ணி முடிச்சதும் பேன்ல தண்ணி கொறைஞ்சு களக் களக்னு சத்தம் வந்தா அதுதான் அடையாளம்.

குளிக்கற தண்ணியை மெஷினுக்கு விடாதீங்க. வாஷ்பேசினும் வேண்டாம். விக்கறவங்க எல்லாத்தையும் சேத்துக்கலாம்னு சொல்வாங்க, பக்கத்துல வாய்களும் இருக்கும். ஆனா தரைத் தண்ணி மெஷினுக்குள்ள போகணும்னா குளிக்கற எடத்தை அரையடி தூக்கணும். வயசானவங்க பாத்ரூம்ல அந்த ஒரு படிதான் வழுக்கி விழ வைக்கும். முடி, சோப்பு அழுக்கு எல்லாம் கத்தில சுத்தும். உங்க முன்பக்கம் பள்ளமாச்சே, நஹானி ட்ராப் (தரைல தண்ணி எறங்கற வாய்) வெச்சு 75 மி.மீ. குழாயில தென்னைக்கோ வாழைக்கோ விட்டுடுங்க. மெஷினுக்குக் கக்கூஸ் மட்டும்.

பவானி_மின்வேலை:

கரண்ட் பக்கம் நான் சொல்றேன்.

மெயின் போர்டிலிருந்து இதற்கென்று தனி லைன். தனி எம்.சி.பி. (லோடு கூடினால் விழுகிற ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழுகிற ஸ்விட்ச்). வீட்டுக்கே ஒரு ஆர்.சி.சி.பி. இருந்தாலும் இதற்குத் தனியாக வேண்டும். அயர்ன் பாக்ஸ் கசிந்து வீட்டு ஆர்.சி.சி.பி. விழுந்தால் கக்கூஸும் நின்றுவிடக்கூடாது. மெஷின் பெட்டிக்குள் 3 பின் சாக்கெட், மெஷின் தலைக்கு மேலே, குழாய் இணைப்புக்கு எதிர்ப்பக்கச் சுவரில். பழைய வீடு என்றால் எர்த் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். காய்ந்த எர்த் குழி எர்த்தே இல்லாததற்குச் சமம்.

படுக்கை அறையில், பாத்ரூம் கதவை ஒட்டி, கண் மட்டத்தில் ஒரு சின்ன இண்டிகேட்டர் விளக்கு. அது மெஷின் சாக்கெட்டிலிருந்தே வரவேண்டும், அறை லைனிலிருந்து அல்ல. விளக்கு எரிந்தால் ஃப்ளஷ் பண்ணலாம், எரியாவிட்டால் பண்ணக்கூடாது. பெரியவர்களுக்கு இதற்கு மேல் எதையும் ஞாபகம் வைக்கச் சொல்லவேண்டாம்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையிலிருந்து சாயங்காலம் வரை இருக்கும். மெஷின் தொட்டி ஏறக்குறைய ஒரு ஃப்ளஷ் தண்ணீரைத்தான் தாங்கும். இரண்டாவது ஃப்ளஷ் பேனில் ஏறி நிற்கும். அதனால் இன்வெர்ட்டரில் போடுங்கள். பலர் பேட்டரி தாங்குமா என்று கேட்பார்கள். பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது: 500 வாட் மோட்டார் ஒரு ஃப்ளஷுக்கு 10 முதல் 20 நொடி ஓடும், ஃபேன் ஐந்து நிமிடம் ஓடுகிற கரண்ட்கூட இல்லை. சிக்கல் கிளம்புகிற நொடியில். அப்போது மோட்டார் பல மடங்கு இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் ஓவர்லோட் காட்டி நின்றுவிடும். ப்யூர் சைன் வேவ், 1100 வி.ஏ. அல்லது அதற்கு மேல். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மோட்டார் உறுமும், சூடாகும்.

இன்னொன்று லோ வோல்டேஜ். சாயங்காலம் தோட்டத்து மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் லைன் 180 வோல்ட்டுக்கு இறங்குகிற ஊர்கள் இருக்கின்றன. அப்போது மோட்டார் சுற்றாமல் ம்ம்ம் என்று மட்டும் சத்தம் போடும், சூடாகித் தானாக நின்றுவிடும் (தெர்மல் டிரிப்). மெஷின் கெட்டுவிட்டது என்று கழட்டுவதற்கு முன் வோல்டேஜைப் பாருங்கள்.

வெண்ணந்தூர்_செவிலி:

உள்ளே போடக்கூடாதவற்றைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. கம்பெனிக் கையேட்டில் ஈரத்துணி, நாப்கின், பஞ்சு என்று இருக்கும். நம் வீடுகளில் கத்தியை நிறுத்துவது வேறு பொருள்கள்: தலையிலிருந்து உதிர்ந்த பூ கட்டிய நார், தேய்க்கிற தேங்காய் நார், அறுந்த அரைஞாண் கயிறு, மாத்திரை அட்டை, பல்செட் ஊறவைக்கிற டப்பாவின் மூடி. நார் வெட்டுப்படாது, சுற்றிக்கொள்ளும். பேனுக்கு வலது கைப் பக்கம், உட்கார்ந்தபடியே எட்டுகிற தூரத்தில், காலால் மிதித்துத் திறக்கிற குப்பைத்தொட்டி வேண்டாம், கையால் தள்ளித் திறக்கிற மூடி போட்டதாக வையுங்கள். டயபர் போடுகிறவர்கள் இருந்தால் தனிப் பெரிய தொட்டி.

கைப்பிடி 38 மி.மீ. கம்பி, பேனுக்கு இரண்டு பக்கமும். நாலரை இஞ்ச் சுவரில் வெறும் ரவுல் பிளக்கை நம்பாதீர்கள். மெஷின் பக்கம் வெளியே தகடு வைத்துச் சுவரை ஊடுருவிப் போல்ட் போட்டால்தான் ஆள் பாரம் தாங்கும். கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்ளே விழுந்தால், உள்பக்கம் திறக்கிற கதவை அவர்கள் உடம்பே மறித்துவிடும்.

வாசல்வீடு:

அக்கா, சுவர்ல ஊடுருவிப் போல்ட் போடறதை மேஸ்திரிகிட்ட இன்னைக்கே சொல்லிடறேனுங்க. உப்புத்தண்ணிக்கு என்ன பண்றதுங்க? பக்கெட்ல வெள்ளையா படியற தண்ணி.

நொய்யல்_குழாய்:

அந்த வெள்ளைதான் மெஷினுக்குள்ள தண்ணி மட்டம் பாக்கற ரப்பர் சவ்வுலயும் படியும். படிஞ்சா ரெண்டுல ஒண்ணு: தண்ணி ஏறினாலும் மெஷின் கெளம்பாது, இல்லேன்னா கெளம்பினா நிக்காது. சிறுவாணித் தண்ணி வர்ற வீட்டுல இந்தத் தொல்லை கம்மி. காங்கேயம், பல்லடம் பக்கப் போர் தண்ணிக்கு ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துடணும்.

மளிகைக் கடைல எலுமிச்சை உப்பு, அதான் சிட்ரிக் ஆசிட், கால் கிலோ. அஞ்சு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணில கரைங்க, கொதிக்கற தண்ணி கூடாது. மெஷின் பிளக்கை எடுத்துட்டு பேன்ல ஊத்தி ரெண்டு மணி நேரம் விடுங்க, அப்பறம் பிளக்கைப் போட்டு ரெண்டு ஃப்ளஷ். கம்பெனியே விக்கற மருந்து இருந்தா அதையே வாங்கறதும் சரி.

கக்கூஸ் கழுவற மஞ்ச ஆசிட் இந்த வீட்டுக்குள்ள வரவே கூடாது. ரப்பர் காலர், சவ்வு, சீல் எல்லாத்தையும் அரிச்சுடும். ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேந்தா குளோரின் வாயு கெளம்பும், சின்ன பாத்ரூம்ல வயசானவங்க மூச்சு நின்னுடும். வேலைக்கு வர்ற அம்மாகிட்டயும் இதைச் சொல்லி வெச்சிருங்க.

கொடிவேரிக்கரை:

யாரும் கக்கூஸ் போகாமலே மெஷின் அவ்வப்போது தானாக ஓடி நிற்கிறது என்றால் எதைப் பார்ப்பது?

நொய்யல்_குழாய்:

ரெண்டே காரணம். ஒண்ணு சிஸ்டர்ன் ஒழுகிப் பேன் வழியா சொட்டுச் சொட்டா மெஷினுக்கு வருது. இன்னொண்ணு என்.ஆர்.வி. சரியா மூடாம மேல நின்ன தண்ணி திரும்ப எறங்குது. சிஸ்டர்ன்ல கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு அரைமணி கழிச்சுப் பாருங்க, பேன் தண்ணி நீலமாச்சுன்னா சிஸ்டர்ன் வாஷர். நீலம் வரலேன்னா என்.ஆர்.வி.யைக் கழட்டிக் கழுவுங்க. இதைப் பாக்காம விட்டா ராவும் பகலும் ஓடியே மோட்டார் போயிடும்.

நிக்காம ஓடிட்டே இருந்தா பால் வால்வு பாதி மூடியிருக்கா பாருங்க, அப்பறம் தள்ற குழாய் அடைப்பு, அப்பறம் சவ்வு. கடகடன்னு சத்தம் வந்தா உள்ள கெட்டியா ஏதோ விழுந்திருக்கு, உடனே பிளக்கை உருவணும். வெறுமனே உறுமினா வோல்டேஜ், கெப்பாசிட்டர், கத்தில சுத்தின நார். இந்த வரிசைலயே பாக்கணும், சுலபமானது முதல்ல.

வாசல்வீடு:

சரிங்கண்ணா. குழாய் ஒட்டி முடிச்சதும் சோதிக்கறது எப்படிங்க? பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே பாத்துடலாம்னு இருக்கோம்.

மேட்டாங்காடு:

ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். பிறகு சேம்பர் மூடியைத் திறந்து வைத்து, ஒருவர் சேம்பரில் நிற்கட்டும், ஒருவர் சந்தில். பேப்பர் இல்லாமல் வெறுந்தண்ணீர் ஆறேழு ஃப்ளஷ். ஒவ்வொரு ஒட்டுக்கும் அடியில் காய்ந்த செய்தித்தாளைத் தடவிப் பாருங்கள், சின்ன ஈரமும் தெரியும். மெஷின் நின்றதும் சேம்பரில் தண்ணீர் சிறிது நேரம் வடிந்து முழுசாக நிற்கவேண்டும். வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருந்தால் படுக்கைக் குழாயில் எங்காவது வாட்டம் குறைந்திருக்கலாம்; ரசமட்டம் வைத்து ஒவ்வொரு கிளாம்ப்பாகப் பார்த்து ஏற்றுங்கள்.

நொய்யல்_குழாய்:

அதோட, அன்னைக்கே ஒரு தடவை மெஷினை முழுசாக் கழட்டி மாட்டிப் பாத்துடுங்க. யூனியன் சாவி திரும்ப எடம் இருக்கா, பக்கெட் நிக்குதா, மெஷின் கதவு வழியா இடிக்காம வெளிய வருதா. பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சா ஒரு பெண்ட்டை மாத்திடலாம். ஒரு செட் ரப்பர் காலர், ரெண்டு கிளாம்ப், என்.ஆர்.வி. மடல் ஒண்ணு, யூனியன் வாஷர் நாலு, ஒரு பிளாஸ்டிக் டப்பால போட்டு அந்தப் பெட்டிக்குள்ளயே மேல் தட்டுல வெச்சுடுங்கம்மிணி. சர்வீஸ் ஆளு வந்து, சாமான் வாங்கத் திருப்பூருக்குத் திரும்பிப் போகவேண்டியதில்ல.